ஊட்டத்தூரா, உத்தட்டூரா?

(பாறைநெய் தேடும் துறைக்குச் செல்லவிருக்கும் நிலவியல் மாணவர்க்குரிய களச்செலவுகள், குறும்பயிற்சிகள் பற்றித் தமிழன்பரிடை நிகழ்த்தப்பெற்ற உரை)



பாறைநெய் தேடும் கல்விக்கும் தனித்தமிழ் இயக்கத்திற்கும் என்ன தொடர்பு என்று இவ்வுரையின் பொருளைக் கண்டு சிலர் வியக்கக் கூடும். தமிழ் என்றாலே யாப்பும் அணியும் என எண்ணிப் பழகியவர்க்கு அவ்வியப்பு இயல்பே. ஆயினும் ஒரு மொழியின் வாழ்வும் தாழ்வும் பாட்டரங்கிலே முடிவாவதைக் காட்டிலும், கல்லுடைக்கும் குழியிலும், கிணறு தோண்டும் வயலிலும், ஆழ்துளைக் கோபுரத்தின் அடியிலுமே விரைந்து முடிவாகின்றன. அங்கெல்லாம் தமிழ் வழங்காதொழியின், அரங்கிற் பாடும் தமிழ் எத்துணைக் காலம் நிற்கும்?

முதற்கண் சொல்லையே எடுத்துக் கொள்க. 'பெட்ரோலியம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன், தமிழில் இதற்கு ஈடு காண இயலாது என்று கைவிரிப்போர் பலர். அச்சொல்லோ பாறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், நெய்யைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லும் இணைந்த கூட்டுச்சொல். பாறைநெய் என்பதன்றி அதற்கு வேறொரு பொருளும் இல்லை. செருமானியர் அதனை நிலநெய் எனப் பொருள்படும் தம் சொல்லாலேயே வழங்குகின்றனர். சீனரோ 11-ஆம் நூற்றாண்டிலேயே, சென் குவோ என்னும் அறிஞர் தம் நூலிற் பெய்த கல்நெய் என்னும் பொருளுடைய சொல்லை இன்றுவரை ஆள்கின்றனர். விளக்கெரிக்க வந்த நெய்யை மண்ணெண்ணெய் என்று எவருடைய குழுவும் கூடாமலே பெயரிட்டுக் கொண்ட தமிழ்ப் பொதுமக்கள், அறிவில் இச்சீனர்க்கும் செருமானியர்க்கும் இளைத்தவர் அல்லர். இளைத்துப் போனவர் கற்றவரே.

இனிக் களச்செலவு என்பது யாது? செலவு என்னும் சொல் இற்றை நாளிற் பணம் கரைவதையே குறிக்கின்றது. பண்டைத் தமிழில் அது பயணத்தைக் குறித்த அழகிய சொல். நிலவியல் பயிலும் மாணவனும் மாணவியும் வகுப்பறையிற் படித்ததைப் பாறையின்மேற் கைவைத்துச் சரிபார்க்கும் பயணமே களச்செலவு. சுத்தியல், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை, திசையும் சாய்வும் அளக்கும் கருவி, நீர்த்த காடி ஒரு சிறு குப்பி, குறிப்பேடு, இவ்வளவே அதற்கு வேண்டும் கருவிகள். காடி ஒரு துளி விழுந்ததும் நுரைத்துப் பொங்கினால் சுண்ணக்கல், பொங்காவிடின் வேறு. களிப்பாறையின் சிறு துணுக்கைப் பல்லிடைக் கடித்துப் பார்ப்பதும் உண்டு. நறநறத்தால் வண்டல் கலந்தது. வெண்ணெய்போல் வழுக்கினால் முழுக்களி. முதுமுனைவர் பட்டம் பெற்ற பெரியோரும் களத்தில் மண்ணைத் தின்றே தேர்கின்றனர்!

பாறைநெய்த் துறையிற் களச்செலவிற்குத் தனிப்பெரும் மதிப்பு உண்டு. பாறைநெய் கிடக்குமிடம் நிலத்துக்கு அடியிற் பல ஆயிரம் அடி ஆழம். அங்குச் சென்று கண்டவர் எவரும் இலர். அதிர்வலைப் படத்தில் ஒரு கோடாகவும், துளையினின்று மேல்வந்த சாண் அளவு கல்லாகவும் மட்டுமே அப்பாறை தென்படும். எனவே, அதே பாறையோ அதையொத்த பாறையோ நிலத்தின்மேல் வெளிப்பட்டுக் கிடக்கும் இடத்தைத் தேடிச் சென்று, அதன் நீளமும் அகலமும் தடிப்பும் நுண்துளையும் கண்ணாரக் கண்டு பழகினாலன்றி, ஆழத்தில் உள்ளதைக் கற்பனை செய்யவும் இயலாது. இதன் பொருட்டே அமெரிக்க நாட்டின் மேற்குத் தெக்சாசில் குவாடலூப் மலையிலுள்ள 26 கோடி ஆண்டுப் பழைமையுடைய பவளத்திட்டுப் போன்ற சுண்ணக்கல் திட்டையும், யூட்டாவின் புத்தகப் பாறைச் செங்குத்துகளையும் நெய்க் குழும்பினர் பல்லாண்டுகளாகத் தம் இளைய நிலவியலாரைக் கூட்டிச் சென்று காட்டுகின்றனர். 1917-இல் தோன்றிய அமெரிக்கப் பாறைநெய் நிலவியலார் கழகம், மாணவர் கிளைகளும், ஓரிரு நாட் குறும்பயிற்சிகளும், களக் கருத்தரங்குகளும் நடத்தி வருகின்றது.

இங்கிலாந்தின் தென்கரையில் கிம்மரிட்சு என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. கடலோரச் செங்குத்தில் கருங்களிப்பாறை அடுக்கடுக்காய் நிற்கும். வடகடலின் நெய்வளத்துக்கெல்லாம் பெரும் ஊற்றாய் அமைந்தது அக்களியே. அதன் அருகிலேயே 1959-இல் நெய் கண்ட கிணறும் உள்ளது. அச்சிற்றூரின் பெயர் அக்களிக்கு மட்டுமன்றி, உலக நிலவியற் காலக் கணக்கின் ஒரு பிரிவுக்கே பெயராயிற்று. இவ்வாறே பிரான்சு நாட்டுத் தூர் நகரின் பெயரால் ஒரு காலம். கொனியாக்கு ஊரின் பெயரால் ஒரு காலம். ஆலந்து நாட்டு மாசுதிரிக்கட்டின் பெயரால் ஒரு காலம். மேலையர் தம் ஊர்ப்பெயர்களை உலகின் நாவிலேயே ஏற்றி வைத்துவிட்டனர். அதிற் குறைசொல்ல ஒன்றுமில்லை. தம் மண்ணை முதலிற் படித்தவர் தம் ஊர்ப் பெயரை இட்டனர். தமிழ் மண்ணின் ஊர்ப்பெயர்கட்கு நேர்ந்ததென்ன என்பதே இங்குக் கேள்வி.

தமிழ்நாட்டில் இக்கல்விக்குரிய தலையாய களம் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையுமாகும். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் இந்நிலத்தின் பெரும்பகுதி கடலடியிற் கிடந்தது. தென்முனைக் கண்டமாகிய அண்டார்ட்டிகாவொடு ஒட்டிக் கிடந்த நிலம் பிளந்து பிரிந்தபோது, கிழக்கோரம் படிப்படியாய் அமிழ்ந்து பள்ளமாயிற்று. அப்பள்ளத்துட் கடல் புகுந்தது, பின்வாங்கியது, மீண்டும் புகுந்தது. இக்கடல்புகவைக் குமரிநாட்டுக் கடல்கோளொடு சேர்த்துப் பேசும் பழக்கம் தமிழன்பர் சிலரிடை உண்டு. அது தவறு. இது மாந்தன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டு முந்தியது. தமிழின் தொன்மைக்குப் பொய்ச்சான்று தேவையில்லை.

மேற்கே கருங்கல் மேட்டின் விளிம்பிலுள்ள ஊட்டத்தூரிற் புறப்பட்டுக் கிழக்கே நின்னியூர் வரை செல்லும் ஒருவன், சில மணி நேரத்திற் பல கோடி ஆண்டுகளைக் கடக்கின்றான். அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்து கிடத்தலால், கிழக்கே செல்லச் செல்ல இளைய பாறை. தெரணியில் வெண்களியும், அதனுள் நிலத்தில் வளர்ந்த செடிகளின் இலைப்பதிவும். காரையிற் செம்மையும் மஞ்சளும் பழுப்புமாய் மழைநீர் அரித்த களிக்குன்றுகள். புல்லும் முளைக்காத ஓடைக்கரைகள். அக்களியைக் குறுக்கும் நெடுக்கும் அறுத்துக்கொண்டு கண்ணாடித் தகடுகள்போல் சிப்சம் மின்னும். சுருள்சுருளான அம்மோனைட்டுக் கூடுகளும், துப்பாக்கிக் குண்டுபோன்ற பெலம்னைட்டுக் கூர்களும் அங்குக் கிடைத்துள்ளன. கல்லக்குடிச் சுண்ணக்கற் சுரங்கத்திற் கீழே கருஞ்சாம்பற் களிப்பாறையும், மேலே பவளமும் பாசியும் கட்டிய சுண்ணக்கல்லும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம். 1940-இல் நிலவியல் அளவாய்வுத் துறையின் ம. சீ. கிருட்டிணன் அதனை அறிவுலகிற்கு அறிவித்தார். அவரே பின்னர் அத்துறையின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியர். ஆற்றோடு போய்க் கடலிற் புதையுண்ட மரம் கல்லாகிக் கிடப்பதை, அவ்வூர் மக்கள் கல்மரம் என்றே சொல்கின்றனர். அச்சொல்லினும் செவ்விய கலைச்சொல்லை எந்தப் பல்கலைக்கழகம் ஆக்கித் தரும்? கல்லங்குறிச்சியில் தட்டுத் தட்டாய்ச் சிப்பிகளே பாறையாகி நிற்கும். கல்லமேட்டில் பேருருப் பல்லிகளின் எலும்புகள். அதற்கு மேலே, 6 கோடியே 60 இலக்கம் ஆண்டுகட்கு முன் அப்பேருயிர்கள் அழிந்தொழிந்த எல்லையைக் கடந்து, நின்னியூர்ச் சுண்ணக்கல்.

இவற்றைப் பாறைநெய் மாணவன் ஏன் பார்க்க வேண்டும்? மேற்கே வெளிப்பட்டுக் கிடக்கும் இவ்வடுக்குகளின் உடன்பிறந்தவையே, கிழக்கே காவிரிக் கழிமுகத்தின் நெல்வயல்கட்கு அடியிற் பல கி.மீ. ஆழத்திற் கிடக்கின்றன. காரைக் களி கடலடியிற் படிந்த காலத்தை ஒட்டியே, சாத்தப்பாடிக் களியும் படிந்தது. காரையிற் கிடப்பது வெயிலில் உலர்கின்றது. கிழக்கே உள்ளது ஆழப் புதையுண்டு வெந்தது. நிலத்துள் ஒரு கி.மீ. இறங்கினால் 25 முதல் 30 செல்சியசுப் பாகை வெப்பம் ஏறும். ஏறத்தாழ 60 முதல் 120 பாகைக்குள் களியினுட் சிக்கிய உயிரெச்சம் நெய்யாய் மாறும். மாறிய நெய் மேல்நோக்கிக் கசிந்து, நுண்துளையுள்ள மணற்கல்லிலோ சுண்ணக்கல்லிலோ புகும். மேலே புகவிடாத களி மூடியிருந்தால், தேங்கி நிற்கும். ஊற்றுப்பாறை, தேக்கப்பாறை, மூடுபாறை, தேங்குமிடத்தின் வளைவு, இந்நான்கும் ஒத்து அமைந்தாற்றான் நெய். 1980-களில் நரிமணத்தில் இந்நான்கும் ஒத்தன. 1993-இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் தூய்மிப்பு ஆலையும் எழுந்தது.

ஆகவே எண்ணெய், இயற்கை வளிக் கழகத்தின் இளைய நிலவியலாரும், பல மாநிலக் கல்லூரி மாணவரும் இக்களத்திற்கு வருவது வழக்கம். நல்லதே. வரட்டும், கற்கட்டும். ஆனால் அவர்தம் கைக்கொள்ளும் குறிப்பேட்டை ஒருமுறை விரித்துப் பாருங்கள்! ஊட்டத்தூர் என்னும் அழகிய தமிழ்ப்பெயர் ஆங்கில எழுத்தில் நுழைந்து, நிலவியல் நூலேறி, மீண்டும் மாணவன் வாய்க்கு வரும்போது 'உத்தட்டூர்' என்று வருகின்றது. சாத்தப்பாடி 'சட்டபடி' ஆகின்றது. பரங்கிப்பேட்டைக் களி 'போர்ட்டோநோவா' களியாகவும், தரங்கம்பாடிப் பள்ளம் 'திராங்குபார்' பள்ளமாகவுமே கிடக்கின்றன. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த மாணவியே 'திரிச்சினாப்பொலித் தொகுதி' என்று தேர்வெழுதி மதிப்பெண் பெறுகின்றாள்.

இதன் வரலாறு நீண்டது. 1846-இல் எட்வர்டு போர்பசு என்பார் புதுச்சேரி, திருச்சிராப்பள்ளி, 'வெர்தாச்செல்லம்' ஆகிய இடங்களில் ஆங்கிலேய அலுவலர் திரட்டிய கல்லுருக்களை இலண்டனில் ஆய்ந்து எழுதினார். வெர்தாச்செல்லம் யாதெனில் விருத்தாசலம். விருத்தாசலமோ திருமுதுகுன்றம் என்னும் தீந்தமிழ்ப் பெயரை வடமொழியிற் பெயர்த்த பெயர். முதுகுன்றம் வடமொழிப் போர்வை போர்த்து விருத்தாசலமாகி, அதன்மேல் ஆங்கிலப் போர்வையும் போர்த்து வெர்தாச்செல்லமாகி அறிவியலுட் புகுந்தது! பழங்குன்று என்று பெயரிட்ட தமிழனின் கண் நிலவியலார் கண்ணுக்குக் குறைந்ததா? 1862-இல் பிளான்போர்டு இந்நிலம் முழுதும் அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதியாகப் பகுத்தார். அப்பகுப்பே பெரும்பாலும் இன்றும் நிற்கின்றது. மொராவிய நாட்டவரான இசுடோலிச்கா 1863 முதல் 1873 வரை இங்குள்ள தொல்லுயிர்களைப் பெருந்தொகுதிகளாக விளக்கினார். அவர் விளக்கிய கல்லுருக்கள் கொல்கத்தாவிற் காக்கப்படுகின்றன. இம்மூவர் உழைப்பையும் தமிழுலகம் நன்றியோடு போற்ற வேண்டும். அவர்க்குத் தமிழ் தெரியாது. கேட்டதைக் கேட்டவாறு எழுதினர். தமிழ் தெரிந்தோர் நூற்றைம்பது ஆண்டாகத் திருத்தாதிருந்ததே நாணத்தக்கது.

எல்லாவற்றினும் உறுத்துவது கல்லக்குடி. அவ்வூருக்கு வடநாட்டு ஆலை முதலாளி ஒருவரின் பெயரைச் சூட்டி 'தால்மியாபுரம்' ஆக்கியதை எதிர்த்து, 1953 சூலையில் தமிழிளைஞர் தொடர்வண்டிப் பாதையில் தலைவைத்துப் படுத்தனர். துப்பாக்கிச் சூட்டிற் குருதி சிந்தப்பட்டது, உயிர் போயிற்று. பின்னர் நிலையத்தின் பலகையில் கல்லக்குடி என்னும் பெயர் ஏறியது. ஆனால் நிலவியல் நூலில் அச்சுண்ணக்கல் இன்றும் 'தால்மியாபுரம் அமைவு' என்றே இருக்கின்றது. தண்டவாளத்தில் வென்ற தமிழ் பாறையில் தோற்றுக் கிடக்கின்றது!

இங்கு ஒரு நேர்மையான தடையையும் கூற வேண்டும். பாறையடுக்குகட்குப் பெயரிடும் முறைநூல், ஊர்ப்பெயர் மாறினாலும் ஒருமுறை இட்ட அடுக்குப்பெயரை மாற்றலாகாது என்கின்றது. அமெரிக்கப் பென்சில்வேனியாவில் மாக்சங்கு என்னும் ஊர் 1954-இல் சிம் தோர்ப்பு எனப் பெயர் மாறிற்று. ஆனால் மாக்சங்கு அடுக்கு மாக்சங்கு அடுக்காகவே நிற்கின்றது. உலகெங்கும் ஒரே பாறையை ஒரே பெயரால் அறிய வேண்டும் என்பதே அவ்விதியின் கரணியம், அது ஞாயமானதே. எனவே ஆங்கில ஆய்விதழில் அப்பெயரை அழிக்கக் கிளர்ச்சி செய்வது வீண்முயற்சி. ஆயின், தமிழில் எழுதும்போது கல்லக்குடிச் சுண்ணக்கல் என்று எழுத எவர் தடுத்தார்? ஊட்டத்தூர் என்று நேரே எழுத எந்த விதி குறுக்கே நிற்கின்றது? அவை புதுப்பெயர் இடுவன அல்ல; ஊரார் வாயிலுள்ள பெயரை உள்ளவாறு ஒலிப்பன.

அடுத்துக் கலைச்சொல். அகராதியைப் புரட்டிச் சொல்லாக்கும் முன், கிணறு தோண்டுவோனிடம் சென்று கேட்க வேண்டும். மேல்மண், செம்மண், சரளை, சுக்கான், களி, பொதும்பல், ஊற்றுக்கண் என்று ஆழம் செல்லச் செல்ல அவன் வாய்ப்பாடாய்ச் சொல்லிக்கொண்டே போவான். நெய்க்கிணற்றிற் பல இலக்கம் உருவா செலவிட்டு எழுதும் துளைக்குறிப்பும் அதே முறையதுதான். படியாதவன் என்று ஒதுக்கப்பட்ட அவனிடம் பாதித்துறை கிடக்கின்றது. ஆலந்தூரிலோ ஆண்டிமடத்திலோ பிறந்த மாணவனுக்குத் தன் பாட்டன் சொன்ன 'சுக்கான்' நினைவில் இல்லை. ஆங்கில நூல் சொன்ன 'கங்கர்' நினைவில் உள்ளது.

"தமிழிற் கற்றால் உலகில் வேலை கிடைக்குமா?" என்று உடனே கேட்பார்கள். நார்வே நாட்டைப் பாருங்கள். 1969-இல் எக்கோபிசுக்கு நெய்வயல் காணப்பட்டது. அந்நாட்டு மக்கள்தொகை தமிழ்நாட்டு மக்கள்தொகையிற் பத்தில் ஒரு பங்கும் இல்லை. அவர்கள் ஊற்றுப்பாறை என்றே பொருள்படும் தம் சொல்லையும், மூடுபாறையைக் கூரைப்பாறை எனக் கூறும் தம் சொல்லையும் ஆள்கின்றனர். அவர்தம் நிலவியலார் ஆங்கிலமும் அறிவர். உலகெங்கும் பணியும் புரிவர். இரண்டும் ஒருவரிடமே இருத்தல் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? தமிழ்நாட்டிலும் 1960-களிலும் 1970-களிலும் கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் வரிசையாய் வெளிவந்தன. அம்முயற்சி தொடராமற் போயிற்று.

இது வெறும் மொழிப்பற்றில் எழுந்த குறை என்று கருதிவிட வேண்டா. 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் உழவர் வீதிக்கு வந்தனர். தம் வயலுக்கடியில் என்ன செய்யப்படுகின்றது, கசிந்தது யாது, நிலத்தடி நீர் என்னாகும் என்று கேட்டனர். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக் கேட்புக்கு வைக்கப்படும் அறிக்கையின் சுருக்கம் மட்டுமே வட்டார மொழியில் வேண்டும். முழு அறிக்கையும் ஆங்கிலத்தில் இருந்தாற் போதும். 2020 சனவரியில் நெய் தேடும் துளைகட்கு அக்கருத்துக் கேட்பும் வேண்டா என்று நடுவணரசு விதியைத் தளர்த்தியது. அடுத்த மாதமே தமிழ்நாட்டரசு கழிமுக மாவட்டங்களைக் காக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டிலமாக்கும் சட்டத்தை இயற்றியது. துளையிடுவது நன்றா தீதா என்பது தனித்த வழக்கு. அறிந்தோரும் அதில் வேறுபடுவர். ஆனால் மூடுபாறை இன்னது, சாந்திட்ட குழாய் எங்கே வெடிக்கும், நன்னீர் அடுக்கு எவ்வளவு ஆழத்தில் முடிகின்றது என்று தமிழில் எடுத்துரைக்கும் தமிழ் நிலவியலார் ஊருக்கு ஒருவர் இருந்திருப்பின், உழவன் அச்சத்தாலும் வதந்தியாலும் அலைக்கழிந்திரான். அதிகாரியும் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பியிரான்.

ஆகவே செய்யத்தக்கது பெரிதன்று. ஊட்டத்தூர் முதல் நின்னியூர் வரை மூன்று நாட் களச்செலவுக்குரிய தமிழ்க் கையேடு ஒன்று வேண்டும். நூறு பக்கம் போதும். ஒவ்வோர் இடத்துக்கும் வழி, அடுக்கின் வரைபடம், காணவேண்டுவன, ஊர்ப்பெயரின் சரியான வடிவம், அதனருகே ஆய்விதழில் வழங்கும் வடிவம். திருச்சிராப்பள்ளித் தேசியக் கல்லூரியிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் நிலவியல் கற்பிக்கும் தமிழாசான்கள் இதனை எழுத வல்லவர். அடுத்து, ஓரிரு நாட் குறும்பயிற்சி. பாறைநெய் எவ்வாறு பிறக்கின்றது, துளை எவ்வாறு இடப்படுகின்றது, குறிப்பு எவ்வாறு படிக்கப்படுகின்றது என்று கழிமுகத்து ஊர்களிலேயே தமிழில் நடத்துதல். அதிற் கல்லூரி மாணவரோடு உழவரும் ஊர்ப்பள்ளி ஆசிரியரும் அமர வேண்டும்.

விரைந்து செய்தல் வேண்டும். கல்லங்குறிச்சிச் சிப்பிப் படுகையும் கல்லக்குடிச் சுண்ணக்கல்லும் பைஞ்சுதை ஆலைகளின் உலைக்கு நாள்தோறும் போய்க்கொண்டிருக்கின்றன. ஆலை வேண்டா என்பதன்று. குழி தோண்டப்படும்போதே புது முகப்பு வெளிப்படுவதும் உண்டு, அதனால் நிலவியலார்க்கு நன்மையும் உண்டு. ஆனால் வெட்டி முடித்த குழியில் நீர் நிரம்பிவிட்டால் அம்முகப்பு மீண்டும் காணக்கிடையாது. காரை ஓடையிலோ வருவோர் போவோரெல்லாம் கல்லுருக்களைப் பைநிறையப் பொறுக்கிச் செல்கின்றனர்.

களத்துக்குச் செல்லும் இளைஞர் தை, மாசியிற் செல்க. மழைக்காலத்திற் காரைக்களி முழங்கால் வரை இழுக்கும். வேனிலில் அங்கு நிழல் இல்லை. நீரைக் கையோடு கொண்டு செல்க. சுரங்கத்துள் நுழையுமுன் ஆலையாரிடம் ஒப்புதல் பெறுக. சாத்தனூர்க் கல்மரத்தின்மேற் சுத்தியல் படலாகாது. கண்ட கூடுகளை வரைந்து, அளந்து, ஊரும் நாளும் எழுதிவிட்டுக் கிடந்த இடத்திலேயே விட்டு வருக. ஊட்டத்தூர்க் கடைத்தெருவில் இறங்கியதும், அவ்வூரின் பெயரை அங்குள்ள முதியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்னவாறே குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிக் கொள்க.